சாயம் ஏற்றாமல் பார்ப்பது

குளத்து நீரில் ஒரு சொட்டை ஸ்லைடில் இட்டு, கவர் ஸ்லிப்பால் மூடி, விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளை வட்டம்தான் தெரியும். பச்சைப் பாசி இழை ஒன்றிரண்டு கண்ணில் படலாம். பச்சையம் இருப்பதால் அவை தப்பித்தன. அந்த இழைகளுக்கிடையே ஓடித் திரியும் பாரமீசியமும் ரோட்டிஃபரும், அவற்றைவிடச் சிறிய கசையிழை உயிர்களும் இருக்கிற இடமே தெரியாது. உருப்பெருக்கம் போதவில்லை என்று நினைத்து உடனே 100× லென்சுக்குத் தாவுவது இந்த இடத்தில் பலரும் செய்வது. அதனால் பயனில்லை. தெரியாத ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் அது தெரியாததாகவே இருக்கும்.

சாயம் ஏற்றினால் தெரியும். மெதிலீன் ப்ளூ, கிரிஸ்டல் வயலட், ஜீம்சா எல்லாம் அதற்காகத்தான் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான சாய முறைகளில் மாதிரியை முதலில் உலர்த்தியோ சூடாக்கியோ ஆல்கஹாலில் இட்டோ கொன்றாக வேண்டும். செல் சுருங்கும், வடிவம் மாறும், அசைவு நின்றுவிடும். நீந்தும் விதம், செல்லுக்குள் ஓடும் ஓட்டம், பிளவுபடும் நேரம் இவற்றையெல்லாம் சாயமேற்றிய ஸ்லைடில் தேட முடியாது. உயிருள்ளதை உயிருடன் பார்க்க வேண்டுமென்றால் மாற்ற வேண்டியது மாதிரியை விட்டுவிட்டு ஒளியைத்தான். அதுவும் பெரும்பாலும் மேடைக்குக் கீழே, கண்டென்சரில். ஆப்ஜெக்டிவுக்குக் கொட்டும் பணத்தில் பாதியைக்கூடக் கண்டென்சருக்குச் செலவிட நம் கல்லூரி ஆய்வகங்கள் யோசிக்கின்றன. இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கண்டென்சரைப் பற்றியதுதான் என்று சொன்னாலும் தவறில்லை.

ஏன் தெரிவதில்லை

ஒளியில் நம் கண்ணுக்குப் புலப்படுபவை பிரகாசமும் நிறமும் மட்டுமே. சாயமேற்றிய செல் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. அதனால் கருத்தோ நிறம் மாறியோ தெரிகிறது. சாயமேற்றாத செல் எதையும் விழுங்குவதில்லை. உள்ளே போன ஒளி அப்படியே வெளியே வருகிறது. ஆனால் சற்றுத் தாமதமாக வருகிறது.

அந்தத் தாமதம் எவ்வளவு? நீரின் ஒளிவிலகல் எண் 1.33. சைட்டோபிளாசத்தின் எண் பெரும்பாலும் 1.35 முதல் 1.38 வரை. வேறுபாடு 0.025 என்றும், செல்லின் தடிமன் 5 மைக்ரான் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 0.125 மைக்ரான், அதாவது 125 நானோமீட்டர். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர். ஆக, செல்லின் வழியே வந்த அலை, பக்கத்தில் வெறும் நீரின் வழியே வந்த அலையைவிடக் கிட்டத்தட்டக் கால் அலைநீளம் பின்தங்கி வருகிறது. இதைத்தான் கட்ட வேறுபாடு என்கிறோம். செல்லைப் பற்றிய தகவல் அனைத்தும் அந்தக் கால் அலைநீளத்தில் இருக்கிறது. நம் கண்ணுக்கோ கேமராவுக்கோ அதை உணரும் திறன் இல்லை. இனி வரும் எல்லா முறைகளும் செய்வது ஒரே வேலைதான்: இந்தத் தாமதத்தையோ, அது உண்டாக்கும் ஒளிச் சிதறலையோ, பிரகாச வேறுபாடாக மாற்றிக் கொடுப்பது.

இதிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. வேறுபாடு மாதிரியின் எண்ணில் மட்டும் இல்லை, சுற்றியுள்ள ஊடகத்தின் எண்ணிலும் இருக்கிறது. இரண்டும் சமமானால் எந்த நுண்ணோக்கியிலும் ஒன்றும் தெரியாது. 1950களில் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் பாரர் இதையே அளவுகோலாக்கினார். உயிருள்ள செல்களைப் புரதக் கரைசலில் இட்டு, செல் மறையும் வரை செறிவைக் கூட்டினார். மறையும் புள்ளியில் கரைசலின் ஒளிவிலகல் எண் எதுவோ அதுவே செல்லின் எண். டயாட்டம் சேகரிப்பவர்களுக்கும் இது அன்றாடப் பிரச்சினை. சிலிக்காவாலான டயாட்டம் ஓட்டின் எண் ஏறத்தாழ 1.45, அதை 1.52 கொண்ட கனடா பால்சத்தில் பதித்தால் மங்கிவிடும். அதனால்தான் அவர்கள் 1.7 அளவுக்குப் போகும் பிசின்களைத் தேடுகிறார்கள். உயிருள்ள மாதிரிகளுக்கு வெறும் நீரோ உப்புக் கரைசலோதான் நல்லது. கிளிசரின் 1.47, அதில் மென்மையான செல்கள் அநேகமாகக் கரைந்து போனதுபோல் ஆகிவிடும்.

சொட்டின் தடிமன்

ஒளியைத் தொடுவதற்கு முன் ஸ்லைடைச் சரிசெய்ய வேண்டும். சொட்டு பெரிதாக இருந்தால் கவர் ஸ்லிப் மிதக்கும். உயிர்கள் மேலும் கீழும் போய்க் குவியத்திலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். 22 × 22 மில்லிமீட்டர் கவர் ஸ்லிப்புக்கு 10 மைக்ரோலிட்டர் போதும். நீர்ப் படலம் 20 மைக்ரான் தடிமனுக்கு வரும். பாக்டீரியாவுக்கு அதற்கும் குறைவாக. பாரமீசியம் போன்ற பெரியவற்றுக்கு அவை நசுங்காதபடி கவர் ஸ்லிப்பின் நான்கு மூலைகளிலும் துளி வாஸலினைக் கால்களாக வைத்து, தேவையான அளவு மெல்ல அழுத்திக்கொள்ளலாம். ஓரங்களை வாஸலினால் முழுவதும் அடைத்தால் நீர் ஆவியாவதும் அதனால் உண்டாகும் ஓட்டமும் நிற்கும். மின்விசிறிக்குக் கீழே வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

கவர் ஸ்லிப்பின் தடிமனும் முக்கியம். ஆப்ஜெக்டிவின் உடலில் 160/0.17 அல்லது ∞/0.17 என்று பொறித்திருப்பார்கள், அந்த 0.17 மில்லிமீட்டர்தான் வேண்டிய தடிமன். ‘நம்பர் 1.5’ என்று கேட்டு வாங்க வேண்டும். 10× லென்சில் இது பெரிதாகத் தெரியாது. எண்ணெய் இல்லாத 40× லென்சில் தவறான தடிமன் இருந்தால் எல்லாம் பனி மூடியதுபோல் இருக்கும், சாயமேற்றாத மாதிரிக்கு அந்த மங்கல் தாங்காது.

முதல் கருவி: டயாப்ரம்

கண்டென்சரின் அடியில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளினால் டயாப்ரத்தின் துளை சுருங்கும். வெளிச்சத்தைக் குறைக்கும் கருவி என்று இதைப் பல செய்முறைக் கையேடுகள் சொல்லிக்கொடுக்கின்றன. வெளிச்சத்தைக் குறைக்க விளக்கின் குமிழ் இருக்கிறது. டயாப்ரம் தீர்மானிப்பது மாதிரிக்கு வரும் ஒளிக் கூம்பின் அகலத்தை.

கூம்பு அகலமாக இருந்தால் நுண்விவரம் கூடும், மாறுபாடு குறையும். கூம்பைக் குறுக்கினால் வெளிர்ந்து கிடந்த செல்லின் விளிம்புகள் கறுத்து எழும்பும். சாயமேற்றாத மாதிரியைப் பார்க்கும் மிகப் பழைய முறை இதுவே. சிறுநீர்ப் படிவு பார்க்கும் லேப் டெக்னீசியன்கள் கண்டென்சரைத் தாழ்த்தி, வெளிச்சத்தைக் குறைத்துப் பார்ப்பதும் இதனால்தான். ஹயலைன் காஸ்ட் எனப்படும் கண்ணாடி போன்ற உருளைகளின் ஒளிவிலகல் எண் சிறுநீரின் எண்ணுக்கு மிக நெருக்கமானது. முழு வெளிச்சத்தில் பார்ப்பவர் அவற்றைத் தவறவிட்டு ‘இல்லை’ என்று எழுதிவிடுவார்.

இதற்கு விலை உண்டு. டயாப்ரத்தை முழுவதும் மூடினால் நுண்விவரம் ஏறத்தாழப் பாதியாகும். விளிம்புகளைச் சுற்றி இரட்டைக் கோடுகள் தோன்றும். ஒற்றைச் சுவருக்கு இரட்டைச் சுவர் இருப்பதுபோல் படம் வரைந்து வைத்திருக்கும் மாணவர் ரெக்கார்டுகள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவை. லென்சில் உள்ள தூசியும், உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் நூல்களும்கூடப் படத்தில் வந்து சேரும். ஐபீஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் எட்டிப் பாருங்கள். ஆப்ஜெக்டிவின் பின்புறம் ஒளி வட்டமாகத் தெரியும். டயாப்ரத்தின் விளிம்பு அந்த வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை திறந்திருந்தால் சாதாரண வேலைக்குப் போதும். சாயமேற்றாததைத் தேடும்போது மட்டும் பாதிக்குக் கீழே போகலாம். கண்டுபிடித்ததும் திறந்துவிட வேண்டும்.

கண்டென்சரின் உயரமும் சரியாக இருக்க வேண்டும். 1893இல் அகஸ்ட் கோலர் வகுத்த ஒளியமைப்பு முறையை இந்நூலின் மற்ற முறைகள் எல்லாம் அடிப்படையாகக் கொள்கின்றன. விளக்கின் மேல் தனி டயாப்ரம் உள்ள நுண்ணோக்கியில், அதைச் சுருக்கி, அதன் விளிம்பு மாதிரியுடன் சேர்ந்து கூர்மையாகத் தெரியும் வரை கண்டென்சரை ஏற்றி இறக்க வேண்டும். பிறகு நடுவுக்குக் கொண்டுவந்து, பார்வைப் புலத்தின் ஓரம் வரை திறக்க வேண்டும். அந்த வசதியில்லாத மாணவர் நுண்ணோக்கியில் ஒரு பென்சில் முனையை விளக்கின் மீது வைத்து, முனையின் நிழல் கூர்மையாகும் உயரத்தில் கண்டென்சரை நிறுத்தினால் போதும். கண்ணாடி வைத்த பழைய மாடல் என்றால், கண்டென்சர் இருக்கும்போது சமதளக் கண்ணாடியையே திருப்பி வைக்க வேண்டும். குழிக் கண்ணாடி கண்டென்சர் இல்லாத நுண்ணோக்கிக்கானது. நேர் வெயிலை எந்தக் கண்ணாடியிலும் பிடிக்கக் கூடாது.

சாய்வொளி

செலவில்லாத அடுத்த படி சாய்வொளி. கண்டென்சரின் அடியில் வடிகட்டி வைக்கும் வளையம் இருக்கிறது அல்லவா, அதில் பாதியை மறைக்கும்படி கறுப்பு அட்டையை நுழையுங்கள். ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும். செல்லின் ஒரு விளிம்பு வெளிச்சமாகவும் எதிர் விளிம்பு இருளாகவும் மாறி, தட்டையாக இருந்தது புடைத்துத் தெரியும். டயாப்ரத்தைச் சுருக்குவதைவிட இது மேல். கூம்பின் ஓரக் கதிர்கள் மிஞ்சியிருப்பதால் நுண்விவரம் அதிகம் கெடாது. டயாட்டம் ஓட்டின் கோடுகளைப் பிரித்துக் காட்ட 19ஆம் நூற்றாண்டு ஆர்வலர்கள் இதைத்தான் நம்பியிருந்தார்கள். கன்னத்தின் உட்புறம் சுரண்டிய செல்லை இப்படிப் பாருங்கள், உட்கரு மேடாக எழுந்து நிற்கும்.

அந்த மேடு உண்மையான மேடு இல்லை. அட்டையை எதிர்ப்புறம் மாற்றினால் அதுவே பள்ளமாகும். இதைப் பின்னால் மறுபடி பார்க்கப் போகிறோம்.

இருள்புலம்

ஓட்டு வீட்டுக் கூரையின் இடுக்கு வழியே வெயில் விழும்போது, அதுவரை கண்ணுக்குத் தெரியாத தூசி மின்னுகிறது. ஒளி நேராகக் கண்ணுக்கு வராமல் பக்கவாட்டில் போவதும், தூசி மட்டும் அதைச் சிதறடித்து நம் பக்கம் அனுப்புவதும்தான் காரணம். இருள்புல நுண்ணோக்கியின் வேலை முறை முழுக்க இதுவே. கண்டென்சரின் நடுவை மறைத்துவிட்டால், ஓரத்திலிருந்து மட்டும் வெற்றுக் கூம்பாக ஒளி வரும். அந்தக் கூம்பு ஆப்ஜெக்டிவுக்குள் நுழையாத அளவு சாய்வாக இருந்தால் பின்புலம் கறுப்பாகும். மாதிரி சிதறடித்த ஒளி மட்டும் உள்ளே வரும். செல் வெள்ளியாக ஒளிரும்.

10× லென்சுக்கான மறைப்பு வட்டத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஸ்லைடில் குவியம் வைத்துவிட்டு ஐபீஸைக் கழற்றுங்கள். குழாய்க்குள் பார்த்தபடி டயாப்ரத்தைச் சுருக்கி, அதன் விளிம்பு ஆப்ஜெக்டிவின் ஒளி வட்டத்தின் ஓரத்தைச் சரியாகத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது கண்டென்சரைக் கீழிருந்து பார்த்து, டயாப்ரத் துளையின் விட்டத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். அதைவிடப் பத்திலொரு பங்கு பெரிய வட்டமாகக் கறுப்புக் காகிதத்தை வெட்டி, ஓஎச்பி தாள் போன்ற தெளிவான பிளாஸ்டிக்கின் நடுவில் ஒட்டி, வடிகட்டி வளையத்தில் வையுங்கள். டயாப்ரத்தை முழுவதும் திறந்துவிடுங்கள். விளக்கை முழுதாக ஏற்றுங்கள். பின்புலம் சாம்பல் நிறமாக இருந்தால் வட்டம் சிறியது, அல்லது நடுவில் இல்லை, அல்லது கண்டென்சர் தாழ்ந்திருக்கிறது. மூன்றாவதுதான் பெரும்பாலும்.

40× லென்சில் இது கடினம். ஆப்ஜெக்டிவின் மேல் 0.65 என்று பொறித்திருக்கும் எண், என்.ஏ., அது எவ்வளவு அகலமான கூம்பை உள்வாங்கும் என்பதன் அளவு. ஒளி அந்தக் கூம்புக்கு வெளியிலிருந்து வர வேண்டும். எண்ணெய் இடாத கண்டென்சர் எதுவானாலும் அதிலிருந்து 1.0க்கு மேல் ஒளி வராது. சாதாரண அபே கண்டென்சரில் நடைமுறையில் 0.9 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக 0.65க்கும் 0.9க்கும் இடையிலுள்ள மெல்லிய வளையம்தான் கையில் இருக்கிறது. கண்டென்சரை ஸ்லைடைத் தொடும் அளவுக்கு ஏற்றி, பெரிய மறைப்பு வட்டம் வைத்தால் கிடைக்கும். பின்புலம் முழுக் கறுப்பாக இருக்காது. 100× எண்ணெய் லென்சுக்கு அட்டை வித்தை செல்லாது. அதற்கென்று செய்த இருள்புலக் கண்டென்சர் வேண்டும், கண்டென்சருக்கும் ஸ்லைடுக்கும் இடையிலும் எண்ணெய் இட வேண்டும், ஆப்ஜெக்டிவுக்குள் அதன் என்.ஏ.வைக் குறைக்கும் டயாப்ரம் இருக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் உண்டு. 1905இல் ஷௌடினும் ஹாஃப்மனும் சிஃபிலிஸ் நோயின் கிருமியைக் கண்டார்கள். சாயம் எளிதில் ஏறாத, மெல்லிய திருகுக் கிருமி அது. அடுத்த ஆண்டே லேண்ட்ஸ்டைனரும் முக்காவும் அதை உயிருடன் இருள்புலத்தில் காட்டினார்கள். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைராவும் அப்படித்தான்: தடிமன் 0.1 மைக்ரான் அளவே. சாதாரண ஒளியில் அதைக் காண வழியில்லை; இருள்புலத்தில் முனை வளைந்த ஒளிக்கம்பியாகச் சுழன்றபடி போவது தெரியும்.

0.1 மைக்ரான் என்பது ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறனுக்குக் கீழே. பிறகு எப்படித் தெரிகிறது? ‘இருக்கிறது’ என்று தெரிகிறது, ‘இவ்வளவு தடிமன்’ என்று தெரிவதில்லை. கறுப்புப் பின்புலத்தில் எவ்வளவு சிறிய துகளும் போதிய ஒளியைச் சிதறினால் ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளியின் அளவு துகளுடையது இல்லை, லென்சுடையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீடென்டாஃபும் ஷிக்மாண்டியும் இதே வழியில் தங்கக் கூழ்மத்தின் துகள்களைப் பார்த்தார்கள். ஷிக்மாண்டிக்கு 1925ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எனவே இருள்புலத்தில் எடுத்த படத்தை வைத்து பாக்டீரியாவின் தடிமனை அளக்காதீர்கள். நீளத்தை அளக்கலாம், எண்ணலாம், அசைவைப் பார்க்கலாம்.

சுத்தம் இங்கே அரைப்பங்கு வேலை. மாதிரியை மின்ன வைக்கும் ஒளி தூசியையும் கைரேகையையும் கண்ணாடிக் கீறலையும் அதேபோல் மின்ன வைக்கும். ஸ்லைடைச் சோப்பு நீரில் கழுவி, ஆல்கஹாலில் துடைத்து, விளிம்பைப் பிடித்தே எடுங்கள். மாதிரி செறிவாக இருந்தால் நீர்த்துப்போகச் செய்யுங்கள். பழகுவதற்கு நல்ல மாதிரி: நீர் மோரில் ஒரு துளியைப் பத்து மடங்கு நீரில் கலந்தது. கொழுப்புத் துளிகள் இடைவிடாமல் நடுங்கும் பிரௌனியன் அசைவு அதில் அழகாகத் தெரியும். உயிரில்லாதது எப்படி அசையும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால், உயிருள்ளது நீந்துவதை அதிலிருந்து பிரித்தறிவது சுலபம்.

மறைப்பு வட்டத்துக்குப் பதில் நிறத் தாளை வைத்து, நடுவில் நீலமும் ஓரத்தில் மஞ்சளுமாக அமைத்தால், நீலப் பின்புலத்தில் மஞ்சள் உயிர்கள் தெரியும். ஜூலியஸ் ரைன்பெர்க் 1896இல் வெளியிட்ட முறை இது. புதிய தகவல் எதுவும் இதில் கிடைக்காது, பள்ளிக் கண்காட்சியில் கூட்டம் கூடும்.

ஒரு எச்சரிக்கை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, இருள்புலத்தில் திரையில் காட்டி, மின்னும் புள்ளிகளை ‘நச்சு’ என்றும் ‘பூஞ்சை’ என்றும் சொல்லி மருந்து விற்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை கொழுப்புத் துகள்கள், உடைந்த செல்லின் துணுக்குகள், ஸ்லைடின் அழுக்கு. இருள்புலம் எதையும் மின்ன வைக்கும் என்பதை அறிந்தவர் அவர்களிடம் ஏமாற மாட்டார்.

கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி

ஃபேஸ் கான்ட்ராஸ்ட் என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் இந்த முறை, மேலே சொன்ன கால் அலைநீளத் தாமதத்தை நேரடியாகக் கையாள்கிறது. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளராக இருந்த ஃப்ரிட்ஸ் செர்னிகே, 1930 வாக்கில் ஒளிக்கீற்றுத் தகடுகளின் குறைகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது கண்ட வழி இது. நுண்ணோக்கி அவர் துறையே இல்லை. 1932இல் யேனாவில் இருந்த சைஸ் நிறுவனத்திடம் கொண்டுபோனார். இதில் பயன் இருந்திருந்தால் நாங்களே எப்போதோ கண்டுபிடித்திருப்போம் என்ற தோரணையில் பேசி அனுப்பினார்கள். பிறகு அதே நிறுவனம்தான் போர்க்காலத்தில் அதைத் தயாரித்தது. அங்கே கர்ட் மிஷெல் 1940களில் வெட்டுக்கிளியின் விந்தணுத் தாய்ச் செல்கள் பிளவுபடுவதைச் சாயமின்றி, உயிருடன், திரைப்படமாக எடுத்துக் காட்டினார். செர்னிகேவுக்கு 1953இல் இயற்பியல் நோபல் பரிசு.

கண்டென்சரில் ஒரு வளையத் துளை. அதன் வழியே மட்டும் ஒளி வரும். ஆப்ஜெக்டிவுக்குள் அதே வளையத்தின் பிம்பம் விழும் இடத்தில் ஒரு சிறப்பு வளையத் தகடு. மாதிரியைத் தொடாமல் நேரே வரும் ஒளி முழுக்க அந்தத் தகட்டின் வழியே போகும். மாதிரியில் பட்டு விளிம்பு விளைவால் சிதறிய ஒளி பெரும்பாலும் தகட்டுக்கு வெளியே போகும். சிதறிய ஒளி ஏற்கெனவே கால் அலைநீளம் பின்தங்கியிருக்கிறது. தகடு நேர் ஒளியைக் கால் அலைநீளம் முன்னுக்குத் தள்ளுகிறது. இப்போது இரண்டுக்கும் இடையே அரை அலைநீளம்: ஒன்றை ஒன்று அழிக்கும். நேர் ஒளி மிக வலுவானது என்பதால், இரண்டும் ஈடாகும்படி தகடு அதன் பெரும்பகுதியை விழுங்கியும் விடுகிறது. விளைவு: செல் இருந்த இடம் கறுப்பாகிறது.

பயன்படுத்துவோர் தவறு செய்வது சீரமைப்பில். ஆப்ஜெக்டிவில் Ph என்ற ரோமன் எழுத்துகளுடன் 1, 2 அல்லது 3 என்று பொறித்திருக்கும். கண்டென்சரில் அதே எண்ணுள்ள வளையத்தைத் திருப்ப வேண்டும். 10×க்குப் பெரும்பாலும் 1, 40×க்கு 2, 100×க்கு 3. ஐபீஸைக் கழற்றி, நுண்ணோக்கியுடன் வந்த சிறு சீரமைப்புத் தொலைநோக்கியைச் செருகிப் பாருங்கள். ஒரு கறுப்பு வளையமும் ஒரு வெளிச்ச வளையமும் தெரியும். கண்டென்சரின் இரண்டு திருகுகளால் வெளிச்ச வளையத்தை நகர்த்திக் கறுப்பு வளையத்துக்குள் முழுவதும் அடக்க வேண்டும். ஒரு பக்கம் சிறிது வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் மாறுபாடு பறிபோகும். கண்டென்சரின் டயாப்ரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். சாதாரண ஒளியில் வேலை செய்துவிட்டுச் சுருக்கிய டயாப்ரத்தோடு இங்கே வருபவர்களுக்கு வளையமே மறைந்து போயிருக்கும். பச்சை வடிகட்டி வையுங்கள். தகட்டின் கால் அலைநீளக் கணக்கு பச்சை ஒளிக்கென்று போடப்பட்டது.

செல் வளர்ப்புத் தட்டுகளில் பார்ப்பவர்களுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. சிறு கிணறுகளில் நீர்மட்டம் ஓரங்களில் வளைந்து லென்சாக மாறி, வெளிச்ச வளையத்தை இடம்பெயர்த்துவிடும். நடுவில் நன்றாகவும் ஓரத்தில் சாம்பலாகவும் தெரிந்தால் நுண்ணோக்கியைக் குறை சொல்லாமல் கிணற்றைப் பெரிதாக்குங்கள்.

மருத்துவ ஆய்வகங்களில் இதன் மதிப்பு குறைத்தே எடைபோடப்பட்டிருக்கிறது. சாயமேற்றாத விந்து மாதிரிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு இந்த முறையையே பரிந்துரைக்கிறது. ஹயலைன் காஸ்ட்டுகள் இதில் தேட வேண்டிய அவசியமின்றித் தெரியும். சிறுநீரில் வரும் சிவப்பணுக்கள் வடிவம் குலைந்தவையா என்று பார்த்து, ரத்தம் சிறுநீரகத்தின் வடிப்பான்களிலிருந்து வருகிறதா, கீழேயிருந்து வருகிறதா என்று மருத்துவருக்கு ஒரு துப்புக் கொடுக்கலாம். ரத்தத் தட்டணுக்களைக் கையால் எண்ணும் முறையும் இதை நம்பியே அமைந்தது.

இதற்கும் குறைகள் உள்ளன. செல்லைச் சுற்றி ஒளிவட்டம் விழும். சிதறிய ஒளியில் ஒரு பங்கு தப்பித் தகட்டின் வழியே போவதால் வருவது அது. அந்த வட்டம் செல்லின் உறை இல்லை. பரந்த, ஒரே தடிமனான செல்லின் நடுப்பகுதி விளிம்பைவிட வெளிறி, பின்புலத்தோடு கலக்கும். நடுவில் செல் மெலிந்திருக்கிறது என்று பொருள் இல்லை. தடிமனான மாதிரியில் தாமதம் அரை அலைநீளத்தை நெருங்கினால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் குழம்பும். ஆகவே இது மெல்லிய மாதிரிக்கான முறை: ஒற்றைப் படலச் செல்கள், பாக்டீரியா, ஈஸ்ட், விந்தணு. வெங்காயத் தோலை இதில் வைத்தால் குப்பைதான் கிடைக்கும்.

நொமார்ஸ்கி முறையும் ஹாஃப்மன் முறையும்

டிஐசி என்று அழைக்கப்படும் முறையை 1950களில் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் பாரிசில் பணியாற்றிய ஜார்ஜ் நொமார்ஸ்கி. முனைவாக்கிய ஒளியை ஒரு பட்டகம் இரண்டாகப் பிரித்து, பிரிதிறனைவிடச் சிறிய இடைவெளியில் பக்கம் பக்கமாக மாதிரியின் வழியே அனுப்பும். மேலே இன்னொரு பட்டகம் அவற்றைச் சேர்க்கும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கிடையே தாமதம் மாறும் இடங்களில் மட்டும் வெளிச்சமோ இருளோ விழும். ஒளிவட்டம் இல்லை, கண்டென்சரை முழுவதும் திறந்து வேலை செய்வதால் நுண்விவரம் அதிகம், தடித்த மாதிரியிலும் ஒரு மெல்லிய அடுக்கை மட்டும் குவியத்தில் பிடிக்கலாம். புழு, மீன் கரு, தாவரத் திசு இவற்றுக்கு இதுவே சிறந்தது என்பது என் தீர்ப்பு. விலை மிக அதிகம். பிளாஸ்டிக் தட்டு முனைவாக்கிய ஒளியைக் குலைப்பதால் கண்ணாடி மட்டுமே பயன்படும்.

அந்தப் பிளாஸ்டிக் சிக்கலுக்கு விடை 1975இல் ராபர்ட் ஹாஃப்மன் கொண்டுவந்த முறை. சாய்வொளியின் செம்மைப்படுத்திய வடிவம் என்று இதைச் சொல்லலாம்: கண்டென்சரில் ஒரு பிளவு, ஆப்ஜெக்டிவில் இருள், சாம்பல், தெளிவு என மூன்று பட்டைகளுள்ள தகடு. குழந்தைப்பேறு மையங்களில் முட்டைக்குள் ஒற்றை விந்தணுவை ஊசியால் செலுத்தும் காட்சியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். முட்டை பந்துபோல் புடைத்து நிற்கும் அந்தப் படம் பெரும்பாலும் இம்முறையில் எடுத்தது.

இரண்டிலும் தெரியும் மேடும் பள்ளமும், சாய்வொளியில் பார்த்தது போலவே, உண்மையான உயரத்தைக் காட்டுவதில்லை. ஒளிவிலகல் எண் மாறும் திசையைத்தான் காட்டுகின்றன. எடுத்த படத்தை 180 பாகை திருப்பிப் பாருங்கள், மேடு பள்ளமாகும். ஸ்லைடை 90 பாகை திருப்பினால் முன்பு தெரிந்த சில கோடுகள் மறைந்து, தெரியாதிருந்தவை வரும். ஒரே திசையில் எடுத்த ஒரு படத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது.

முனைவாக்கிய ஒளி

இது எல்லாச் செல்லுக்கும் ஆகாது. ஒளியின் அதிர்வுத் திசைக்கேற்ப இரண்டு ஒளிவிலகல் எண்கள் கொண்ட பொருள்கள் மட்டுமே இதில் தெரியும்: படிகங்கள், ஸ்டார்ச்சு மணிகள், தசை நார், செல்லுலோஸ் சுவர். விளக்கின் மேல் ஒரு போலராய்டு துண்டு, ஐபீஸின் மேல் இன்னொன்று. ஒன்றைச் சுழற்றிப் புலத்தை இருட்டாக்குங்கள். உருளைக்கிழங்கைச் சுரண்டிய நீரில் ஒவ்வொரு மணியும் கறுப்புச் சிலுவையுடன் ஒளிரும். சேப்பங்கிழங்கின் சாற்றில் கட்டுக்கட்டாகக் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் மின்னும். வேகாத கிழங்கு நாக்கை அரிப்பதில் அந்த ஊசிகளுக்குப் பங்குண்டு. மூட்டுநீரில் கீல்வாதத்தின் யூரேட் படிகங்களைத் தேடும் மருத்துவரும் இதே ஒளியில்தான் தேடுகிறார்.

எதை வாங்குவது

கையில் பணமில்லாதவருக்கு: டயாப்ரமும் ஏற்றி இறக்கும் கண்டென்சரும் உள்ள நுண்ணோக்கி, கறுப்பு அட்டை, இரண்டு போலராய்டு துண்டுகள். கண்டென்சர் அசையாமல் பொருத்தப்பட்ட மலிவு மாடல்களைத் தொடாதீர்கள், 100× லென்சு இலவசமாகத் தருகிறார்கள் என்றாலும். அம்பாலாவில் தயாராகும் மாணவர் மாடல்களிலேயே சரியான கண்டென்சர் உள்ளவை கிடைக்கின்றன. வாங்குமுன் வடிகட்டி வளையம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பணம் சேர்ந்தால் 10×, 40× இரண்டுக்கும் கட்ட வேறுபாட்டுத் தொகுப்பு வாங்கலாம். சீரமைப்புத் தொலைநோக்கி அதில் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்கியது வீண். டிஐசி ஆராய்ச்சி நிறுவனங்களுக்கானது. அதை வைத்திருக்கும் துறையில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் ஒரு நாள் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

எந்த முறையில் பார்த்தாலும் ஒரே மாதிரியை இன்னொரு முறையிலும் பார்த்துவிட்டே குறிப்பெழுதுங்கள். காற்றுக் குமிழி முதல் ஒளிவட்டம் வரை பொய் உறுப்புகள் பெரும்பாலும் ஒரு முறையில் மட்டுமே நிற்கும், அடுத்ததில் காணாமல் போகும். படத்தின் அடியில் ஆப்ஜெக்டிவின் எண், ஒளி முறை, ஊடகம் மூன்றையும் எழுதுங்கள். அவை எழுதப்படாத படத்தை யாரிடமிருந்தும் ஆதாரமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.